குடிநீரில் பாஷாணமும் குடத்துக் கரியும்

ஒருவனுக்கு நோய் வந்தால் அதற்குக் காரணம் தேடுவதற்காக நம் நாட்டார் செலவழிக்கும் யோசனை மிகக் கொஞ்சம். "எல்லாம் தலைவிதி" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் வைத்தியனுக்கும் வேலையில்லை, சர்க்காருக்கும் பொறுப்பில்லை, நோயாளிக்கும் கேள்வியில்லை. புரோகிதனுக்கு மட்டும் வேலை உண்டு. சாந்தி கழிக்கவும் தட்சிணை வாங்கவும் அவன் எப்போதும் தயாராயிருக்கிறான். இந்தத் தலைவிதியின் யோக்கியதை எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால், வங்காளத்துக் கிராமங்களில் குடிதண்ணீர் சம்பந்தமாக நடந்ததைத் தெரிந்துகொண்டால் போதும். அதைப் பற்றியும், அந்தத் தண்ணீரிலிருந்து விஷத்தைப் பிரிப்பதற்காக இப்போது ஆராயப்பட்டு வரும் ஒருவகைக் கரியைப் பற்றியும் இந்த வாரம் நமது அபிப்பிராயத்தைச் சொல்லலாமென்று நினைக்கிறோம்.

ஒரு காலத்தில் வங்காளத்துக் கிராமத்தார் குளத்துத் தண்ணீரையும் ஆற்றுத் தண்ணீரையுமே குடித்து வந்தார்கள். அதனால் காலராவும் வயிற்றுப்போக்கும் பரவிக் குழந்தைகள் கொத்துக் கொத்தாக மாண்டன. இதைத் தடுக்க வேண்டுமென்று 1970-களில் வங்கதேசத்துச் சர்க்காரும், ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த யூனிசெப் ஸ்தாபனமும் குழாய்க் கிணறுகள் போடும்படி ஜனங்களைத் தூண்டின. பிறகு ஜனங்களே தங்கள் சொந்தச் செலவில் போட ஆரம்பித்தார்கள். நாளடைவில் வங்கதேசத்தில் மட்டும் ஏறக்குறைய 1 கோடி கிணறுகள் ஆகிவிட்டன. தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தது. கிருமித் தொல்லையும் குறைந்தது. எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

ஆனால் 1983-ம் வருஷத்தில், கல்கத்தாவிலுள்ள வெப்பமண்டல நோய் ஆராய்ச்சிப் பள்ளியில் தோல் வைத்தியராயிருந்த டாக்டர் கே.சி. சாகா என்பவரிடம் மேற்கு வங்காளத்துக் கிராமவாசிகள் சிலர் வந்தார்கள். அவர்கள் உடம்பில் மழைத்துளி தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் இருந்தன. உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் காய்த்துப் போயிருந்தன. அவர் "இது உங்கள் கர்மம்" என்று சொல்லியனுப்பவில்லை. அவர்கள் குடிக்கும் தண்ணீரை விசாரித்தார். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் என்னும் பாஷாணம் இருப்பது வெளியாயிற்று. பின்னர் ஜாதவ்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த திபங்கர் சக்ரவர்த்தி என்னும் ரசாயன ஆராய்ச்சியாளர், 1988 முதல் கிராமம் கிராமமாகச் சுற்றித் தண்ணீரையும், ஜனங்களின் தலைமயிரையும் நகத்தையும் சோதித்து, இது ஏதோ இரண்டொரு ஊரின் சங்கதியல்ல என்று சத்தம் போட்டார். 1993-ல் வங்கதேசத்திலும் இவ்விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. 1998, 1999 ஆகிய வருஷங்களில் அந்நாட்டில் 3,534 கிணறுகளைச் சோதித்ததில், ஆழம் குறைந்த கிணறுகளுள் 100-க்கு 27-ல் அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேற்பட்ட விஷம் இருந்தது. அவ்வளவு விஷமுள்ள தண்ணீரைக் குடித்தவர்கள் சுமார் 3½ கோடிப் பேர் என்று கணக்கிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் பத்திரிகையில் 2000-ம் வருஷம் வெளியான கட்டுரை, சரித்திரத்தில் ஒரு ஜனசமூகத்துக்கு நேர்ந்த விஷபாதைகளுள் இதுவே மிகப் பெரியது என்று சொல்லிற்று.

அளவு எவ்வளவு என்று வாசகர்கள் கேட்கலாம். உலக சுகாதார ஸ்தாபனம் வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதாவது 1 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 கிராம். வங்கதேசத்துச் சட்டமோ லிட்டருக்கு 50 வரையில் அனுமதிக்கிறது. இவ்வளவு சிறிய அளவு என்ன செய்யும் என்று எண்ணிவிடக் கூடாது. இது ஒரே நாளில் ஆளைக் கொல்லும் விஷமல்ல. ஐந்து வருஷம், பத்து வருஷம், அதற்கும் மேல் தினந்தோறும் குடித்துக்கொண்டே வந்தால் முதலில் தோலைக் கெடுக்கும். பிறகு தோலிலும் நுரையீரலிலும் மூத்திரப்பையிலும் புற்றுநோயை உண்டாக்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. துணியில் வடிகட்டினால் போகாது. தேற்றாங்கொட்டை இழைத்தால் கலங்கல் தெளியும். விஷம் போய்விட்டதென்று நம்ப முடியாது. காய்ச்சினாலோ கிருமி சாகும், பாஷாணம் சாகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட மிச்சமுள்ள தண்ணீரில் விஷம் இன்னும் அதிகப்படும்.

இனி இந்நோயைக் கண்ட ஜனங்கள் என்ன நினைத்தார்கள் என்பதைப் பாருங்கள். இந்து, தெய்வ கோபம் என்றும் பூர்வஜென்ம பாவமென்றும் சொன்னான். முஸ்லிம், ஆண்டவனின் சாபமென்றும் சைத்தானின் வேலையென்றும் சொன்னான். மதம் வேறானாலும் மடமை ஒன்றாகவே இருந்தது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோயென்று பயந்து, புள்ளி விழுந்த பெண்ணைப் புருஷன் தாய் வீட்டுக்குத் துரத்தினான். கல்யாணமாகாத பெண்ணை யாரும் கேட்டு வரவில்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கி வைத்தார்கள். இது ஒட்டும் நோயே அல்ல. கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து வந்து குடும்பத்துக்கெல்லாம் ஊற்றியவள் பெண். அந்தத் தண்ணீரால் வந்த நோய்க்காக வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளும் பெண். கிணறு தோண்டியவனை ஊரார் கேட்கவில்லை, சோதிக்காமல் விட்ட அதிகாரியைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார்கள். மூடநம்பிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நம்மைக் கேட்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

நிற்க, விஷம் தண்ணீருக்குள் எப்படி வந்தது? சாபத்தால் அல்ல. இமயமலைப் பக்கத்துப் பாறைகள் தேய்ந்து, ஆற்று வெள்ளத்தோடு வண்டலாக வந்து சமவெளியில் படிந்தன. அந்த வண்டலிலுள்ள இரும்புத் துருவைப் பற்றிக்கொண்டு பாஷாணமும் வந்தது. துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வரையில் அது தண்ணீருக்கு வராது. ஆனால் வண்டலோடு புதைந்த இலை தழை முதலியவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், பூமிக்குள் காற்று எட்டாத இடத்தில், அந்தத் துருவைக் கரைத்துவிடுகின்றன. துரு கரைந்தவுடன் அதைப் பற்றிக்கொண்டிருந்த பாஷாணமும் விடுபட்டுத் தண்ணீரில் கலந்துவிடுகிறது.

வாசகர்கள் இதில் ஒரு வேடிக்கையையும் கவனிக்க வேண்டும். நம்மவர்கள் கடன் வாங்கியாவது காசிக்குப் போய் முழுகிவிட்டு, கங்காஜலம் என்று செம்பில் அடைத்துக்கொண்டு வந்து பூஜையறையில் வைக்கிறார்கள். அந்தக் கங்கைக் கரையிலேயே உள்ள உத்தரப் பிரதேசத்துப் பலியா ஜில்லாவிலும், பீகாரிலுள்ள பக்சர், போஜ்பூர் ஜில்லாக்களிலும் நிலத்தடித் தண்ணீரில் பாஷாணம் இருப்பது 2002-ம் வருஷம் தொடங்கி வெளியாகியிருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டுமானால், ஆற்றில் ஓடும் தண்ணீரைப் பற்றி நாம் இந்தக் குற்றம் சாட்டவில்லை; அதில் உள்ள அழுக்கு வேறு சங்கதி. விஷமிருப்பது அந்த ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலுக்கடியில். கங்கைக்குப் பாவத்தைக் கரைக்கும் சக்தி இருப்பதாக யாரும் ரூபித்ததில்லை. அதன் கரை மண்ணுக்குள் பாஷாணம் கரைந்துகொண்டிருப்பதையோ கண்ணாடிக் குழாயில் ரூபித்துக் காட்டியாகிவிட்டது.

இதைப் படித்தவுடன் புராணப் பிரசங்கி ஒருவர் எழுந்து, "பார்த்தீர்களா உங்கள் விஞ்ஞானத்தை! குளத்துத் தண்ணீர் குடித்தவனுக்குக் குழாய் போட்டு விஷம் கொடுத்தது உங்கள் விஞ்ஞானம்தானே?" என்று கேட்பார். இந்தக் கேள்விக்கு நாம் பயந்து ஓட வேண்டியதில்லை. குழாய்க் கிணறு போட்டவர்கள் தவறு செய்தார்கள் என்பது வாஸ்தவம். என்ன தவறு? சோதித்தது தவறல்ல, சோதிக்காமல் விட்டதுதான் தவறு. பிரிட்டிஷ் புவியியல் ஆராய்ச்சி இலாகாவார் 1992-ல் வங்கதேசத்துக் கிணற்றுத் தண்ணீரைப் பலவித தாதுக்களுக்காகச் சோதித்தார்கள்; பாஷாணத்துக்கு மட்டும் சோதிக்கவில்லை. இதற்காக ஒரு கிராமவாசி லண்டன் வரையில் வழக்கு நடத்தினார். 2006-ல் பிரபுக்கள் சபை அவருக்கு விரோதமாகவே தீர்ப்புச் சொல்லிற்று. சட்டம் எப்படியிருந்தாலும், "நல்ல தண்ணீர்" என்று ஒரு பெரிய மனிதர் சொன்னதை மற்றவர்கள் அப்படியே நம்பியது, சாஸ்திரத்தில் எழுதியிருப்பதை அப்படியே நம்பும் குணத்தின் தம்பிதான். ஆனால் ஒரு வித்தியாசமுண்டு. விஞ்ஞானம் செய்த தவறை விஞ்ஞானமே கண்டுபிடித்து, ஊரறியச் சொல்லிற்று. ஆயிரக்கணக்கான வருஷங்களாக இருந்துவரும் சாஸ்திரங்களில் எந்தச் சாஸ்திரக்காரராவது தம் தவறை ஒப்புக்கொண்டு கிணற்றுக்குச் சிவப்பு வர்ணம் அடித்ததுண்டா என்று கேட்கின்றோம்.

வங்கதேசத்தில் அப்படித்தான் அடித்தார்கள். சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, விஷமுள்ளதற்குச் சிவப்பும், இல்லாததற்குப் பச்சையும் பூசினார்கள். ஏறக்குறைய 10-க்கு 3 கிணறுகள் சிவப்பாயின. சிவப்புக் கிணற்றுக்காரன் பச்சைக் கிணற்றுக்குப் போகலாமென்றால், அந்தப் பச்சைக் கிணறு யார் வாசலில் இருக்கிறது என்ற கேள்வி வந்தது. இங்கேதான், விஷத்தைத் தண்ணீரிலிருந்தே பிரித்துவிட முடியாதா என்ற யோசனை பிறந்தது.

வங்காளத்தார் முதலில் மூன்று குடத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். அவர்கள் குடத்தைக் கல்சி என்பார்கள். மேல்குடத்தில் இரும்புத் தூளும் மணலும், நடுக்குடத்தில் மரக்கரியும் மணலும், கீழ்க்குடத்தில் வடிந்த தண்ணீர். இதில் பாஷாணம் நன்றாகக் குறைந்தது. ஆனால் இரும்புத் தூள் நாளாக ஆக இறுகிக் கட்டியாகித் தண்ணீர் இறங்க மறுத்தது. இதைத் திருத்தி, வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்காவில் ரசாயன ஆசிரியராயிருந்த அபுல் ஹுசாம் என்பவர் சோனோ என்ற வடிகட்டியைச் செய்தார். இரண்டு வாளி, மணல், பக்குவப்படுத்திய இரும்பு, மரக்கரி, செங்கல் ஜல்லி இவ்வளவுதான் அதன் சாமான்கள். இதற்கு 2007-ல் அமெரிக்காவில் 10 லட்சம் டாலர் பரிசு கிடைத்தது. நேபாளத்துத் தராய்ப் பிரதேசத்தில் மணல் வடிகட்டியின் மேல் இரும்பு ஆணிகளைப் பரப்பித் துருப்பிடிக்க விட்டுக் காஞ்சன் என்ற பெயரால் கொடுத்தார்கள். அது சில கிணற்றுக்கு நன்றாகவும் சில கிணற்றுக்குக் குறைவாகவும் வேலை செய்தது. இவற்றிலெல்லாம் தத்துவம் ஒன்றே. பூமிக்குள் பாஷாணத்தைப் பிடித்து வைத்திருந்தது இரும்புத் துரு. துரு கரைந்ததால் விஷம் வெளிவந்தது. ஆகவே, மறுபடியும் துருவைக் காட்டினால் விஷம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது ஆராயப்படும் கரியும் இத்தத்துவத்தைச் சேர்ந்ததே. வைக்கோல், உமி, கரும்புச் சக்கை முதலிய எதையும் காற்று அதிகம் புகாத பாத்திரத்தில் 300 முதல் 700 டிகிரி வரையில் சூடாக்கினால் சாம்பலாகாமல் கரியாகிறது. அக்கரி கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்தது. ஆனால் வெறுங்கரியைத் தண்ணீரில் போட்டால் பாஷாணம் அவ்வளவாகப் போகாது. ஏனெனில், கரியின் மேற்புறத்தில் உள்ள மின்சக்தி பெரும்பாலும் எதிர்மின். தண்ணீரிலுள்ள பாஷாணத்தின் ஒரு வடிவமாகிய ஆர்சனேட்டும் எதிர்மின். ஒன்றையொன்று தள்ளும். அதனால் கரியை இரும்பு உப்புக் கரைசலில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடியும் சூடாக்குகிறார்கள். அப்போது துளைக்குள்ளெல்லாம் இரும்புத் துரு படிகிறது. கரி வீடு போலவும், துரு அதில் குடியிருப்பவன் போலவும் ஆகிறது. வெறுந்துருவைப்போல் கட்டியாகி அடைத்துக்கொள்ளாமல், விசாலமான பரப்பில் பரவி நின்று விஷத்தைப் பிடிக்கிறது.

இன்னொரு வடிவமும் உண்டு. நிலத்தடியில் காற்றில்லாத இடத்தில் அதிகமாயிருப்பது ஆர்சனைட் என்ற வடிவம். அதற்குச் சாதாரணத் தண்ணீரில் மின்சக்தியே இல்லை, எளிதில் பிடிபடாது, விஷமும் அதிகம். அதற்காகக் கரியில் மாங்கனீஸ் துருவையும் சேர்த்து, அதை ஆர்சனேட்டாக மாற்றிப் பிறகு பிடிக்கிறார்கள். இது கரியை மந்திரித்துக் கொடுப்பதல்ல. ஒவ்வொரு படிக்கும் காரணமுண்டு; காரணத்தைக் கேட்டால் சொல்லுவார்கள்; சொன்னதை யாரும் செய்து பார்க்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் தோழர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. தீர்த்தத்தை விட்டுவிட்டுக் கரியைக் கும்பிட ஆரம்பிப்பது பகுத்தறிவாகாது. ஆராய்ச்சி சாலையில் சுத்தமான தண்ணீரில் பாஷாணத்தை மட்டும் போட்டுக் கலக்கி, 100-க்கு 99 போய்விட்டது என்று எழுதிவிடுவது சுலபம். கிராமத்துக் கிணற்றுத் தண்ணீர் அப்படிப்பட்டதல்ல. அதில் பாஸ்பேட் இருக்கிறது, சிலிகா இருக்கிறது. அவையும் துருவில் உட்கார இடம் தேடுகிறவை. முக்கியமாகப் பாஸ்பேட், பாஷாணத்தின் பங்காளி போன்றது. ஒரே ஆசனத்துக்குச் சண்டையிடும். அன்றியும் கரிக்கு ஒரு கொள்ளளவுண்டு. அது நிரம்பியபின் மேலே ஊற்றும் விஷம் கீழே அப்படியே இறங்கும். ருசியும் நிறமும் மாறாததால் குடிப்பவனுக்குத் தெரியவே தெரியாது. ஆகையால் சோதனையில்லாத வடிகட்டி, வடிகட்டி இல்லாததைவிட மோசம். இல்லாதவன் பயந்து வேறு தண்ணீர் தேடுவான்; வைத்திருக்கிறவன் தைரியமாகக் குடிப்பான்.

இது வெறும் பயமல்ல. மேற்கு வங்காளத்தில் ஜாதவ்பூர் ஆராய்ச்சியாளர் கம்பெனிகள் செய்து வைத்த 19 பாஷாண நீக்கி இயந்திரங்களை இரண்டு வருஷம் கவனித்து, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் வரம்பை இடைவிடாமல் காப்பாற்றியது அவற்றில் ஒன்றுகூட இல்லை. இயந்திரத்தை வைத்துத் திறப்பு விழா நடத்துவதோடு கடமை தீர்ந்ததென்று நினைத்தால் இப்படித்தான் முடியும். கோயிலுக்குக் கும்பாபிஷேகம் செய்தால் பன்னிரண்டு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை, வடிகட்டிக்கு அப்படியில்லை.

அடுத்தபடியாக, விஷம் நிரம்பிய கரியை என்ன செய்வது? பார்வைக்கு அது அடுப்புக்கரிதான். விறகுக்கு வழியில்லாத ஏழைப் பெண் அதை அடுப்பில் போடமாட்டாள் என்று யார் உறுதி சொல்ல முடியும்? போட்டால் பாஷாணம் புகையோடு கிளம்பி அவள் மூக்கிலும், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் மூக்கிலும் ஏறும். குளத்தங்கரையில் கொட்டினால் மறுபடி தண்ணீருக்கு வரும். எருக்குழியில் போட்டால் வயலுக்கு வரும். பாஷாணத் தண்ணீர் பாய்ந்த வயலில் விளைந்த வைக்கோலிலேயே இவ்விஷம் இருப்பதுண்டு. ஆதலால் கரி செய்யும் வைக்கோலைக்கூடச் சோதித்தே எடுக்க வேண்டும். கரி கொடுக்கிறவனே பழைய கரியைக் கணக்கோடு திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமென்பது சட்டமாக இல்லாவிட்டால், ஒரு கையால் எடுத்த விஷத்தை மறு கையால் கொடுத்ததாகவே முடியும்.

எல்லாவற்றிலும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. "வைக்கோல் இருக்கிறது, இரும்பு இருக்கிறது, நீயே கரி செய்து நீயே வடிகட்டிக்கொள்" என்று சொல்லிச் சர்க்கார் கைகழுவிவிடக் கூடும். பட்டணத்துப் பணக்காரனுக்குக் குழாயில் சுத்தத் தண்ணீர் வீட்டுக்குள் வர வேண்டும்; கிராமத்து ஏழை மட்டும் தன் உயிரைத் தன் குடத்தில் தானே வடிகட்டிக்கொள்ள வேண்டுமா? வங்கதேசத்தில் சுமார் 150 மீட்டருக்குக் கீழே போன ஆழக்கிணறுகள் பெரும்பாலும் இவ்விஷமில்லாதவை. அப்படிப்பட்ட கிணறுகளைச் சர்க்கார் செலவில் போட்டும், 2016-ல் மனித உரிமைக் கண்காணிப்பு ஸ்தாபனத்தார் விசாரித்தபோது, அவற்றில் பல, தேவைப்பட்ட இடத்தில் இல்லாமல் கட்சிக்காரர் வீட்டு வாசலிலும் செல்வாக்குள்ளவர் முற்றத்திலும் இருந்தன. அப்போதும் சுமார் 2 கோடிப் பேர் அந்நாட்டு வரம்புக்கு மேற்பட்ட விஷத்தைக் குடித்துக்கொண்டிருந்ததாக அவர்கள் எழுதினார்கள். விஷம் 1993-ல் தெரிந்தது. இது 23 வருஷம் கழித்து. ஆகவே, விஷத்தைத் தண்ணீரில் கலந்தது இயற்கை என்றாலும், தெரிந்த பிறகும் அதை ஏழை வாயில் ஊற்றிக்கொண்டிருந்தது மனிதன்தான். ஊர்க் கிணற்றில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாதென்று சண்டை கண்ட நம் நாட்டாருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எனவே நமது அபிப்பிராயம் இதுதான். இரும்பு ஏற்றிய கரி நல்ல ஆராய்ச்சி, ஏழைக்கு எட்டக்கூடியது, அதை ஆதரிக்க வேண்டும். ஆனால் அந்தந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரிலேயே மாதக் கணக்கில் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகும் வடிந்த தண்ணீரை அடிக்கடி சோதித்து, முடிவை ஊர்ச் சாவடியில் எல்லோரும் படிக்கும்படி எழுதி ஒட்ட வேண்டும். தீர்ந்த கரியைத் திரும்ப வாங்க வேண்டும். நல்ல குழாய்த் தண்ணீர் வரும் வரையில்தான் கரிக்கு வேலை. குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் கரி என்ற பேச்சே உதவாது. நோய் வந்த பெண்ணை ஒதுக்குகிறவனுக்கு, அவன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்துக் காட்டுவதே தக்க பதில்.

தோழர்களே! நம்மூரில் இந்த விஷம் இல்லை என்று நாம் சும்மாயிருக்கலாகாது. உங்கள் ஊர்க் குடிதண்ணீரை எப்போது, எதற்காகச் சோதித்தார்கள், என்ன முடிவு வந்தது என்று உங்கள் ஊராட்சியாரை ஒரு தடவை கேளுங்கள். "நம் பாட்டன் குடித்த தண்ணீர், நாமும் குடிக்கிறோம்" என்று பதில் வந்தால், வங்காளத்தானும் முதலில் அப்படித்தான் சொன்னான் என்று சொல்லுங்கள். தண்ணீருக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்பது மட்டுமே உண்டு. அதைப் பார்த்துச் சொல்லப் புரோகிதனால் ஆகாது. சோதனைக் குழாயும், அதைக் கேட்டு வாங்கத் துணிந்த மக்களுமே வேண்டும்.